ரா ஃபைலை ஜேபெக் ஆக்கித் தர்றோம்னு 79 டாலர் புடுங்கிட்டாங்க, காசு கட்டுறதுக்கு முன்னாடி படிச்சிடுங்க

கோவத்துல எழுதுறேன், கோர்வையா இல்லன்னா பொறுத்துக்கோங்க. முந்தாநாள் ராத்திரி 79 டாலர் கட்டினேன், நேத்து காலைல ஏமாந்தது தெரிஞ்சுது, இப்ப கொஞ்ச நேரம் முன்னாடி மூணாவது மெயிலுக்கும் கைய விரிச்சுட்டாங்க.

அக்கா பொண்ணு முதல் தடவையா மேடை ஏறினா. மொத்தம் 640 படம், சோனி கேமரா, எல்லாமே ரா, அதாவது சென்சார் பிடிச்சதை ஜேபெக் ஆக்காம அப்படியே வச்சிருக்கிற ஃபைல். மேடை லைட்டு நிமிஷத்துக்கு ஒரு கலர் மாறிட்டே இருக்கும், வொயிட் பேலன்ஸ, அதாவது லைட்டால மாறிப்போற கலர, அப்புறம் நிதானமா சரி பண்ணிக்கலாம்னு தான் ராவுல எடுத்தேன். அக்கா போன்ல ஏஆர்டபிள்யூ ஃபைல் (சோனியோட ரா) திறக்கல, "படத்த எப்படா அனுப்புவ"ன்னு ரெண்டு நாளா கேட்டுட்டே இருந்தா. சரி, ஒட்டுமொத்தமா ஜேபெக் ஆக்க ஏதாவது சாஃப்ட்வேர் பார்க்கலாம்னு தேடினேன். சிறந்த பத்து கன்வர்ட்டர்னு ஒரு பட்டியல், அதுல முதல் இடத்துல இருந்தது தான் நான் ஏமாந்த இந்த சாஃப்ட்வேர். அந்தப் பட்டியல்ல இருந்த ஒவ்வொரு லிங்க்லயும் கமிஷன் இருக்குன்னு பக்கத்தோட அடியில பொடி எழுத்துல போட்டிருந்ததை நேத்து தான் பார்த்தேன்.

ட்ரையல்ல படம் சின்னதா தான் சேவ் ஆச்சு. "இது ட்ரையல், காசு கட்டினா முழு சைஸ்"னு எழுதியிருந்தான், அதனால அதுல எனக்கு சந்தேகமே வரல. இருந்தாலும் 79 டாலர் சும்மா இல்லையேன்னு சாட்ல கேட்டேன், முழு சைஸ்ல எப்படி வரும்னு காட்ட முடியுமான்னு. ரொம்ப மரியாதையா "உங்க ஃபைல் ஒண்ணு அனுப்புங்க, நாங்களே பண்ணித் தர்றோம்"னாங்க. அனுப்பினேன். இருபது நிமிஷத்துல திரும்பி வந்துச்சு பாருங்க, 6000க்கு 4000, பாப்பாவோட கண் இமை முடி ஒவ்வொண்ணும் தனித்தனியா தெரியுது, நிழல்ல இருந்த பாவாடை மடிப்பு கூட தெளிவா இருக்கு. அந்த ஒரு படத்தை நம்பித்தான் கட்டினேன். ஆஃபர் இன்னும் நாப்பது நிமிஷத்துல முடியுதுன்னு கடிகாரம் வேற ஓடிட்டு இருந்துச்சு (அது நேத்தும் அதே மாதிரி ஓடுச்சு, இன்னைக்கும் ஓடுது).

கட்டினதும் 640 படத்தையும் போட்டு ஓட விட்டேன், கொஞ்ச நேரத்துலயே முடிஞ்சிருச்சு. ராவை கன்வர்ட் பண்றதுன்னா சென்சார்ல ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூணுல ஒரே ஒரு கலரத் தான் பிடிச்சிருக்கும், மத்த ரெண்டையும் அக்கம்பக்கத்துப் புள்ளிங்கள வச்சு கணக்குப் போட்டு நிரப்பணும், அதுக்கு நேரம் எடுக்கும். அவ்வளவு வேகமா முடிஞ்சப்பவே நான் யோசிச்சிருக்கணும். சைஸ் பார்த்தா 6000க்கு 4000னு தான் காட்டுது, ஆனா திறந்து பெருசாக்கினா மூஞ்சி மெழுகு மாதிரி வழியுது, இமையும் இல்ல ஒண்ணும் இல்ல, இருட்டான இடத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம் கூட்டினா கட்டம் கட்டமா வருது.

சந்தேகம் வந்து எக்சிஃப்டூல்னு ஒரு இலவச கருவிய எடுத்து ரா ஃபைலுக்குள்ள என்ன இருக்குன்னு பார்த்தேன். பெரும்பாலும் ரா ஃபைல் ஒவ்வொண்ணுக்குள்ளயும் கேமராவே ஒரு ஜேபெக் பிரிவியூ வச்சிருக்கும், கேமரா திரையில நாம பார்க்கிறது அது தான். என் கேமராவுல அது 1616க்கு 1080. அதை வெளிய எடுத்து, இவனுங்க குடுத்த படத்தை அதே சைஸுக்கு சுருக்கிப் பக்கத்துல வச்சேன். ஒரே படம். அதாவது என் ஃபைல்ல ஏற்கனவே இருந்த குட்டி ஜேபெக்கை உருவி, 6000க்கு இழுத்து நீட்டி, அதுக்கு 79 டாலர் வாங்கியிருக்கான். 14 பிட் ராவுல ஒரு கலருக்கு வெளிச்சத்துல 16384 படி இருக்கு, ஜேபெக்ல 256 தான், அந்த மிச்சத்துக்காகத் தானே நான் மெனக்கெட்டு ராவுல எடுத்ததே! அதைத் தொடவே இல்ல.

அப்போ சாட்ல அனுப்பின அந்த அழகான படம்? அதை ரைட் கிளிக் பண்ணி டீட்டெய்ல்ஸ் பார்த்தேன். புரோகிராம் பேருன்னு இருக்கிற இடத்துல ராதெரபின்னு இருக்கு. ராதெரபி யார் வேணாலும் காசு இல்லாம இறக்கிக்கிற சாஃப்ட்வேர். அதுல என் படத்தைப் பண்ணி, தன்னோடதுன்னு எனக்குக் காட்டியிருக்கான். இதைப் பார்த்ததும் வயிறு எரிஞ்சுது.

உடனே மெயில். முதல் பதில்: கிராஃபிக்ஸ் டிரைவர அப்டேட் பண்ணுங்க. பண்ணேன், ஒண்ணும் மாறல. ரெண்டாவது பதில்: உங்க கேமரா மாடலுக்கு முழு சப்போர்ட் அடுத்த வெர்ஷன்ல வரும். வாங்கும்போது பட்டியல்ல என் மாடல் பேரு இருந்துச்சே, ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன், ராதெரபி பேரு வந்த ஸ்கிரீன்ஷாட்டும் சேர்த்து. அதைப் பத்தி ஒரு வார்த்தை கூட இல்ல. மூணாவது பதில்: லைசென்ஸ் கீ ஆக்டிவேட் பண்ணிட்டதால பணம் திரும்பக் கிடைக்காது, டிக்கெட் மூடப்பட்டது. முகப்புல கொட்டை எழுத்துல 30 நாள் கேரண்டி. கீ போடாம முழு சைஸே வராது, போட்டா கேரண்டி கிடையாது, அப்புறம் யாருக்குத் தான் அந்த 30 நாள்? சாட்ல போனா இப்ப தானா பதில் சொல்ற பாட் மட்டும் தான் பேசுது. 79 டாலர் 79 டாலர்னு ராத்திரி பூரா தூக்கம் இல்ல.

கார்டு கம்பெனில புகார் குடுத்திருக்கேன், ஸ்கிரீன்ஷாட் எல்லாம் வச்சு.

விவரமா எழுதணும்னு தான் உக்கார்ந்தேன், இப்ப பொறுமை இல்ல, முக்கியமானத மட்டும் சொல்றேன். முதல்ல உங்க கேமரா கம்பெனியோட சாஃப்ட்வேரப் பாருங்க, சோனிக்கு இமேஜிங் எட்ஜ், கேனானுக்கு டிஜிட்டல் போட்டோ புரொஃபஷனல், நிக்கானுக்கு என்எக்ஸ் ஸ்டுடியோ, எல்லாம் இலவசம். இல்லன்னா டார்க்டேபிள், ராதெரபி. அடோபியோட டிஎன்ஜி கன்வர்ட்டரும் இலவசம் தான், ஆனா அது ஜேபெக் தராது, டிஎன்ஜிங்கிற இன்னொரு ரா வகை தான் தரும். கேனான் வச்சிருக்கவங்க, 2018லேருந்து வர்ற சிஆர்3ங்கிற ரா ஃபைல் பழைய சாஃப்ட்வேர்ல திறக்காது, அதைப் பார்த்துக்கோங்க. அவங்க கன்வர்ட் பண்ணி அனுப்புற சாம்பிள நம்பாதீங்க, உங்க கம்ப்யூட்டர்ல உங்க கையால பண்ணி, இருட்டுல எடுத்த படத்தை முழுசா பெருசாக்கிப் பாருங்க. முடிஞ்சதும் ஒரிஜினலை அழிக்கவான்னு ஒரு டிக் வச்சிருப்பான், அதுவாவே டிக் ஆகி இருக்கும், தயவு செஞ்சு எடுத்து விட்டுடுங்க. நான் எடுத்து விட்டதால தான் 640 ராவும் இன்னும் என்கிட்ட இருக்கு.

இப்ப அதையெல்லாம் ராதெரபில திரும்ப முதல்லேருந்து ஓட விட்டிருக்கேன். 112வது படம் ஓடிட்டு இருக்கு, அக்காகிட்ட நாளைக்குன்னு சொல்லியிருக்கேன்.