செட்டிநாட்டுக் கிராம மருத்துவமனைக்கு எந்த மனநல நூல்?

காரைக்குடி, தேவகோட்டைச் சுற்றுவட்டார ஆரம்ப சுகாதார நிலையங்களில் சேரும் இளம் மருத்துவர்களும் செவிலியர்களும் மனநோய்க்கு ஒரு நூல் கேட்டால், பலர் டி.எஸ்.எம்.-ஐத்தான் சொல்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வெளியிடுவது. திருத்தப் பதிப்பு 2022இல் வந்தது. நோய்களை வரையறுக்கும், சிகிச்சை சொல்லாது. விலையும் அதிகம்.

கானாடுகாத்தானில் பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஓர் ஆச்சியை எண்ணிப் பாருங்கள். கணவர் காலமாகி எட்டு மாதம். பிள்ளைகள் வெளிநாட்டில். அடுப்புப் பற்றவைப்பதே அரிதாகிவிட்டது. 'நீடித்த துக்கக் கோளாறு' என்று சொல்ல டி.எஸ்.எம். பெரியவர்களுக்கு 12 மாதம் கேட்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டு நூலான ஐ.சி.டி.-11க்கு 6 மாதம் போதும். ஊர் வழக்கத்தையும் பார்க்கச் சொல்கின்றன இரண்டும். தலைத்திவசம்வரை துக்கம் காக்கும் குடும்பங்களில் நாள்கணக்கை மட்டும் வைத்து நோய்ப்பெயர் சூட்டிவிடக் கூடாது. இந்த இரண்டில் என் தேர்வு ஐ.சி.டி. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது அதைத்தான். இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது.

ஆனால் அந்த ஆச்சி 'துக்கம் தாளவில்லை' என்று வரமாட்டார். நெஞ்சு படபடக்கிறது, கால் எரிகிறது, தூக்கம் பிடிக்கவில்லை என்பார். ஈ.சி.ஜி.யில் ஒன்றும் இருக்காது. சத்து ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள். எனக்கு ஆறாத வருத்தம் அது. மனநல மருத்துவர் விக்ரம் பட்டேலின் 'வேர் தேர் இஸ் நோ சைக்கியாட்ரிஸ்ட்' (மனநல மருத்துவர் இல்லாத இடத்தில்) மற்ற நூல்களை விஞ்சுவது இங்கேதான். 2003இல் வந்தது, சார்லட் ஹன்லனும் சேர்ந்து எழுதிய இரண்டாம் பதிப்பு 2018இல். நோயின் பெயரை விட்டுவிட்டு, நோயாளி சொல்லும் தொந்தரவிலிருந்து தொடங்குகிறது. என்ன கேட்க வேண்டும், தற்கொலை எண்ணத்தை எப்படி விசாரிக்க வேண்டும், எப்போது மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் எளிய ஆங்கிலத்தில் இருக்கிறது. சொந்தக் காசில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இதையே வாங்குங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் எம்.எச்.கேப். சிகிச்சைக் கையேடு (2016) இதற்கு நல்ல துணை, அதுவும் இலவசம். வலிப்பும் மறதிநோயும்கூட அதில் உண்டு. ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் கப்லன்–சாடாக் மனநலப் பாடநூல் மேற்படிப்பு மாணவர்களுக்கு.

மருந்து எழுதும் மருத்துவருக்கு மட்டும் 'மாட்ஸ்லி' என்ற மனநல மருந்து வழிகாட்டியும் வேண்டும். இருதுருவ மனநோய்க்கு லித்தியம் என்ற மருந்தைச் சாப்பிடுபவர் கத்திரி வெயிலில் வியர்த்து உடலில் நீர் வற்றினாலோ, மூட்டுவலிக்கு ஐபுபுரூஃபன் விழுங்கினாலோ, ரத்தத்தில் லித்தியம் ஏறி நஞ்சாகிவிடும். இத்தகைய மருந்து மோதல்களை உடனே பார்த்துத் தெளிய, புறநோயாளி அறையில் பொதுவாக ஒரு பிரதி இருந்தால் போதும்.