பழைய 32-பிட் பிளக்-இன்களை இன்று ஓட்டுவது: எந்த வழி யாருக்கு?

தேசிய சேவைக்கு முன்னும் பின்னும் படுக்கையறையில் உட்கார்ந்து பாட்டு செய்யப் பழகிய சிங்கப்பூர்த் தமிழ்ப் பையன்கள் பலர் இன்று நாற்பதைத் தொட்டுவிட்டார்கள். தைப்பூசத்துக்குச் செய்த காவடிப் பாட்டு, வசந்தம் தொலைக்காட்சி நாடகத்துக்குக் கொடுத்த பின்னணி இசை, கல்லூரி விழாவுக்குப் போட்ட கீபோர்டு ட்ராக் எல்லாம் அவர்களுடைய பழைய ஹார்ட் டிஸ்கில் தூங்குகின்றன. இப்போது யாராவது "அந்தப் பாட்டின் கரோக்கி கிடைக்குமா?" என்று கேட்டால் புராஜெக்டைத் திறக்கிறார்கள். பாதி ட்ராக்கில் சத்தமே வருவதில்லை. காணாமல் போன பிளக்-இன்களின் (இசை மென்பொருளுக்குள் வாத்தியமாகவோ எஃபெக்டாகவோ ஏறும் சின்ன மென்பொருள்கள்) பட்டியல் ஒன்று மட்டும் திரையில் வந்து நிற்கிறது.

இதைச் சரிசெய்ய ஐந்தாறு வழிகள் உண்டு. எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து "எது சிறந்தது?" என்று கேட்பதால்தான் குழப்பம் வருகிறது. பழைய புராஜெக்ட் அப்படியே திறக்க வேண்டுமா, இல்லை அந்தப் பழைய ஓசை புதிய பாட்டில் வேண்டுமா? இந்த இரண்டுக்கும் வழி வேறு.

முதலில் எது உடைந்தது என்று பார்க்க வேண்டும். மூன்று வேறுவேறு முறிவுகள் நடந்திருக்கின்றன, மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது.

ஒன்று, 32-பிட்டிலிருந்து 64-பிட்டுக்கு மாறியது. 64-பிட் புரோகிராம் ஒன்று 32-பிட் பிளக்-இன்னை நேரடியாகத் தனக்குள் ஏற்ற முடியாது. ஒலிப்பதிவு மென்பொருள்களில் புரோ டூல்ஸ் 11-உம் லாஜிக் புரோ எக்ஸும் 2013-லேயே 32-பிட்டைக் கைவிட்டன. கியூபேஸ் 9 அதை 2016-இல் செய்தது, ஏபிள்டன் லைவ் 10 அதை 2018-இல் செய்தது. இரண்டாவது, விஎஸ்டி2 என்ற பிளக்-இன் வடிவமே ஓய்வு பெற்றது. அதை உருவாக்கிய ஸ்டைன்பெர்க் 2008-இல் விஎஸ்டி3-ஐ வெளியிட்டது, 2018-இல் விஎஸ்டி2-க்கான நிரல் தொகுப்பைப் புதியவர்களுக்குக் கொடுப்பதை நிறுத்தியது. மூன்றாவது மேக்கில் மட்டும்: 2019-இல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினா எல்லா 32-பிட் மென்பொருளையும் வெளியேற்றியது, 2020 இறுதியில் இன்டெல் சில்லுக்குப் பதில் ஆப்பிள் சிலிக்கான் வந்தது.

ஆகவே உங்கள் பிளக்-இன் எந்த முறிவில் மாட்டியது என்று தெரியாமல் காசு கொடுத்து எதையும் வாங்காதீர்கள்.

விண்டோஸில் இருப்பவர்களுக்கு

விண்டோஸ் 11 தானாக 64-பிட்டில்தான் வருகிறது. ஆனால் 32-பிட் புரோகிராம்களை இன்னும் ஓட்டுகிறது. இந்த ஒரே காரணத்தால் பழைய பிளக்-இன் விஷயத்தில் விண்டோஸ் பயனருக்கு மேக் பயனரைவிட வசதி அதிகம். பிளக்-இன் தனியாக ஒரு 32-பிட் புரோகிராமுக்குள் ஓடும், ஒலிப்பதிவு மென்பொருளோடு ஆடியோவையும் மிடியையும் (எந்தச் சுரத்தை எப்போது எப்படி வாசித்தோம் என்ற குறிப்பு) பரிமாறிக்கொள்ளும். பிரிட்ஜ் என்று சொல்வது இதைத்தான்.

இதில் என் முதல் தேர்வு ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள். பிரிட்ஜ் அதற்குள்ளேயே இருக்கிறது, தனியாக எதுவும் வாங்க வேண்டாம். 60 நாள் முழுமையாகச் சோதித்துப் பார்க்கலாம், சிறு பயனருக்கான உரிமம் 60 அமெரிக்க டாலர். பிளக்-இன் பட்டியலில் ஒவ்வொன்றின் மேலும் வலது கிளிக் செய்து அது எப்படி ஓட வேண்டும் என்று நாமே தீர்மானிக்கலாம். பிரிட்ஜ் ஆன பிளக்-இன்கள் எல்லாம் ஒரே தனிப் புராசஸில் சேர்ந்து ஓடலாம், அல்லது ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு புராசஸில் ஓடலாம். இரண்டாவதைத்தான் நான் பரிந்துரைப்பேன். ஒரு பிளக்-இன் க்ராஷ் ஆனால் அது மட்டும் விழும், பாட்டு விழாது. நினைவகக் கணக்கும் இருக்கிறது: ஒரு 32-பிட் புராசஸ் அதிகபட்சம் 4 ஜிபி வரைதான் தொட முடியும், பழைய 32-பிட் புரோகிராம்கள் பலவற்றுக்கு 2 ஜிபிதான் எல்லை. சாம்பிள் ஏற்றும் பழைய ஆர்கெஸ்ட்ரா பிளக்-இன்கள் நான்கைந்தை ஒரே அறையில் அடைத்தால் மூச்சுத் திணறும். தனித்தனியாக விட்டால் கணினிக்குச் சற்றுச் சுமை கூடும், இன்றைய கணினிகள் அதைத் தாங்கும்.

எஃப்எல் ஸ்டூடியோவின் விண்டோஸ் பதிப்பிலும் பிரிட்ஜ் உள்ளேயே உண்டு. பீட் செய்யும் இளையவர்கள் ஏற்கெனவே அதில் இருந்தால் இதற்காக மென்பொருள் மாற வேண்டியதில்லை. 32-பிட் பிளக்-இன் என்றால் தானாகவே பிரிட்ஜ் செய்துகொள்ளும், பயனருக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஆனால் பிரச்சினை வரும்போது உள்ளே கை வைத்துச் சரிசெய்ய ரீப்பர் கொடுக்கும் இடம் இதில் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

கேக்வாக் என்ற ஒலிப்பதிவு மென்பொருளைப் பற்றிச் சொல்லாமல் போனால் சிங்கப்பூர்க்காரனாக எனக்கு மனசு கேட்காது. கிட்டார் நிறுவனமான கிப்சன் 2017-இல் கைவிட்ட கேக்வாக்கின் உடைமைகளை 2018-இல் வாங்கிக் காப்பாற்றியது நம் ஊர் நிறுவனமான பேண்ட்லேப். அந்த மென்பொருளுக்கு பிட்பிரிட்ஜ் என்ற சொந்த பிரிட்ஜ் உண்டு, அது சரிப்படாவிட்டால் தனியாக விற்கும் ஜேபிரிட்ஜைத் தேர்ந்தெடுக்கவும் அதிலேயே வசதி வைத்திருந்தார்கள். 2000-களில் கேக்வாக்கின் சோனாரில் பாட்டு செய்தவர்களின் பழைய கோப்புகளைத் திறக்க அதே குடும்பத்து மென்பொருளைவிட நல்ல கருவி கிடையாது.

சரி, கியூபேஸையோ ஏபிள்டனையோ விட முடியாது என்பவர்களுக்கு ஜேபிரிட்ஜ். சுமார் 15 யூரோ. ஒவ்வொரு பழைய பிளக்-இன்னுக்கும் ஒரு சின்ன 64-பிட் பதிலிக் கோப்பை உருவாக்கும், ஒலிப்பதிவு மென்பொருள் அந்தப் பதிலியைத்தான் பார்க்கும். பிளக்-இன் வாரியாகத் திருத்தும் விருப்பங்கள் நிறைய இருப்பது இதன் பலம்: திரை வரையப்படாமல் வெள்ளையாக நிற்பது, சாவிப்பலகை வேலை செய்யாமல் போவது போன்ற வழக்கமான கோளாறுகளுக்கு ஒவ்வொரு டிக் பெட்டி இருக்கிறது. மேம்போக்கான ஆளுக்கு இது பொறுமையைச் சோதிக்கும். நம்பியிருக்கும் பழைய பிளக்-இன் இரண்டு மூன்றுதான் என்றால் அந்தப் பொறுமைக்குப் பலன் உண்டு.

இன்னொரு வகை, பிளக்-இன்னுக்குள் பிளக்-இன் ஏற்றும் கருவிகள். ப்ளூ கேட் பேட்ச்வொர்க் அப்படிப்பட்டது. விஎஸ்டி3 மட்டும் ஏற்கும் மென்பொருளுக்குள், அல்லது ஏஏஎக்ஸ் என்ற தன் சொந்த வடிவத்தை மட்டும் ஏற்கும் புரோ டூல்ஸுக்குள், 64-பிட் விஎஸ்டி2 பிளக்-இன்னை நுழைக்க இது அருமையான வழி. 32-பிட் முறிவை இது தீர்க்காது. இதை விசாரிக்காமல் வாங்கிவிட்டு ஏமாறுபவர்கள் அதிகம், அதனால்தான் எந்த முறிவு என்று முதலில் கேட்கச் சொன்னேன்.

மேக்கில்

இங்கே கதை குறுகியது, கொஞ்சம் கடுமையானதும்கூட. 32-பிட் பிளக்-இன் வேண்டுமென்றால் கேட்டலினாவுக்கு முந்தைய மொஹாவேதான் கடைசி வாசல். அதற்குப் பிந்தைய மேக்கில் நேரடி வழி இல்லை. மேக்கில் 32-பிட்டை 64-பிட்டாக மாற்றித் தந்த 32 லைவ்ஸ் என்ற நல்ல கருவிக்கும் கேட்டலினாவோடு வேலை முடிந்தது.

64-பிட் இன்டெல் பிளக்-இன் என்றால், இன்டெல் மென்பொருளை ஆப்பிள் சிலிக்கானில் ஓட்டித் தரும் ரொசெட்டா 2 இருக்கிறது. லாஜிக் ஆப்பிள் சிலிக்கானில் நேட்டிவாக (ரொசெட்டா இல்லாமல் நேரடியாக) ஓடிக்கொண்டே, ஆடியோ யூனிட் என்ற ஆப்பிள் வடிவத்திலுள்ள இன்டெல் பிளக்-இன்னை மட்டும் பக்கத்தில் தனியாக ரொசெட்டாவில் ஓட்டும், மிக நேர்த்தியாகச் செய்கிறது. ஏபிள்டனில் முழு மென்பொருளையும் ரொசெட்டாவில் திறந்தால்தான் இன்டெல் பிளக்-இன் தெரியும். கியூபேஸ் 12-உம் அப்படித்தான்: ஆப்பிள் சிலிக்கானில் நேட்டிவாக ஓடினால் விஎஸ்டி2-ஐ ஏற்காது, ரொசெட்டாவில் திறந்தால் ஏற்கும். ஆனால் ரொசெட்டாவுக்கும் நாள் குறித்தாகிவிட்டது. மேக்ஓஎஸ் 27 வரைதான் அது முழுமையாகக் கிடைக்கும் என்று ஆப்பிள் 2025 ஜூனில் அறிவித்தது, அதற்குப் பிறகு சில பழைய விளையாட்டுகளுக்கு மட்டும் ஒரு பகுதியை வைத்திருப்பார்களாம். மேக் பயனருக்கு ரொசெட்டாவை அவகாசமாக மட்டுமே எண்ணச் சொல்வேன். அதை நம்பிப் புதிய பாட்டைத் தொடங்க வேண்டாம்.

பழைய கணினியையே வைத்துக்கொள்வது

பலர் சிரிக்கும் இந்த வழியை நான் மதிக்கிறேன். பழைய லேப்டாப், அதே பழைய விண்டோஸ் அல்லது மொஹாவே, இணையத் தொடர்பு துண்டிக்கப்பட்டு. மிடி உள்ளே போகும், ஆடியோ வெளியே வரும். இதை ஒரு தனி வாத்தியமாகவே நடத்தலாம். டாங்கிள் (உரிமத்தைத் தாங்கும் யுஎஸ்பி சாவி), ஆக்டிவேஷன் எல்லாம் ஏற்கெனவே உயிரோடு இருப்பதுதான் இதன் பெரிய வரம். பிளக்-இன் செய்த நிறுவனம் மூடிவிட்டால் புதிய கணினியில் ஆக்டிவேட் செய்ய யாரிடம் போவது? எந்த பிரிட்ஜும் இதற்குப் பதில் சொல்லாது. ஸ்டைன்பெர்க்கேகூட தன் பழைய டாங்கிள் முறையான இலைசென்சரின் சேவையை 2025-இல் நிறுத்திவிட்டது.

வீவக அடுக்குமாடி வீட்டில் இடம்தான் சிக்கல். வீட்டுக்குள் இருக்கும் பாம் ஷெல்டரைக் குரல் பதிவு அறையாக்கியவர்கள் அதற்குள் இன்னொரு விசிறி இரைச்சலைக் கொண்டுவர விரும்பமாட்டார்கள். நம் ஊர் ஈரப்பதம் பழைய மதர்போர்டையும் பேட்டரியையும் மெல்ல அரிக்கும். பழைய பொருள் விற்கும் கேரோசல் தளத்தில் அதே மாடலை உதிரிக்காக வாங்கி வைப்பவர்கள் உண்டு, நல்ல யோசனைதான். எப்படியும் இது சில ஆண்டுகளுக்கான ஏற்பாடு. கடைத்தொகுதி வாசலில் இருக்கும் மின்கழிவுப் பெட்டியில் அந்தக் கணினியைப் போடும் முன் அதிலுள்ள ஒவ்வொரு பாட்டையும் ட்ராக் ட்ராக்காக வெளியே எடுத்துவிடுங்கள்.

புதியதை வைத்து ஈடுகட்டுவது

"இதைவிட நல்ல சிந்த் (சிந்தசைசர் பிளக்-இன்) இன்று இலவசமாகவே கிடைக்கிறதே, மாற்றிவிடலாமே" என்று எளிதாகச் சொல்வார்கள். புதிய பாட்டுக்குச் சரி. பழைய புராஜெக்டில், அதிலும் நம் இசையில், இது எங்கே சறுக்கும் என்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

கீபோர்டில் வாசிக்கும் கமகம் எல்லாம் மிடியில் பிட்ச் பெண்டாகத்தான், அதாவது சுரத்தை மேலே கீழே வளைக்கும் குறிப்பாகத்தான், பதிவாகியிருக்கும். பிட்ச் பெண்ட் என்பது 16,384 படிகள் கொண்ட ஓர் எண் மட்டுமே. உச்சப்படி எத்தனை சுரத்தானம் ஏற வேண்டும் என்பதைப் பெரும்பாலும் பிளக்-இன்னின் பிரீசெட்தான் தீர்மானிக்கிறது. வழக்கமான அளவு மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு. நம்மில் பலர் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் நீண்ட ஜாருவுக்காக அதைப் பன்னிரண்டாக வைத்து வாசித்திருப்போம். ஷட்ஜத்திலிருந்து சுத்த மத்யமத்துக்கு, அதாவது ஐந்து அரைச்சுரம், இழுத்த ஒரு ஜாருவை எடுத்துக்கொள்ளுங்கள். அதே மிடியை இரண்டில் நிற்கும் புதிய பிளக்-இன் வாசித்தால் அது ஓர் அரைச்சுரம்கூட ஏறாது. ராகமே வேறாகிவிடும். வரம்பைத் திருத்தினாலும் போர்ட்டமென்டோவின் (சிந்த் தானாகச் சுரத்துக்குச் சுரம் வழுக்குவது) வேகம், வைப்ரேட்டோ எப்போது தொடங்குகிறது என்பது ஒவ்வொரு சிந்திலும் வேறு. வாசித்தவர் அந்த ஓசையைக் காதில் கேட்டுத்தான் விரலை அசைத்தார். ஓசையை மாற்றினால் அந்த அசைவுக்கு அர்த்தம் மாறிவிடுகிறது.

அதே பிளக்-இன்னின் புதிய 64-பிட் பதிப்பு கிடைத்தால் அது முதல் மரியாதைக்குரியது. ஆனால் பழைய செட்டிங்கைப் புதியது தானாக எடுத்துக்கொள்ளும் என்று நம்பிவிடாதீர்கள். விஎஸ்டி2-இலிருந்து விஎஸ்டி3-க்கு அந்தத் தொடர்பைத் தயாரித்தவர் திட்டமிட்டு வைத்திருந்தால்தான் அது நடக்கும். பழைய மென்பொருள் திறக்கும்போதே பிரீசெட்டை எஃப்எக்ஸ்பி கோப்பாகச் சேமித்து, புதியதில் ஏற்றிப் பார்ப்பது பாதுகாப்பு.

யாருக்கு எது

பழைய பாட்டை மீட்க வேண்டும் என்றால், விண்டோஸ் கணினியில் ரீப்பரையும் அதன் தனிப் புராசஸ் பிரிட்ஜையும் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது பாட்டு செய்த அதே மென்பொருளின் பழைய 32-பிட் பதிப்பை நிறுவிப் பாருங்கள். மற்ற மென்பொருளின் புராஜெக்ட் கோப்பை ரீப்பர் திறக்காது என்பதால் மிடி, பிரீசெட் இரண்டையும் தனித்தனியாகக் கொண்டுவர வேண்டியிருக்கும். டாங்கிள் தடுத்தால் பழைய கணினிதான். புதிய பாட்டில் ஒரு பழைய ஓசை மட்டும் வேண்டுமென்றால் ஜேபிரிட்ஜ் போதும், அல்லது அந்த ஓசையைச் சுரம் சுரமாகப் பதிந்து ஒரு சாம்பிளரில் ஏற்றிவிடலாம். பேடு, மணி, தம்புரா போன்றவற்றுக்குச் சாம்பிள் அழகாகப் பொருந்தும், நெளியும் லீடு ஓசைக்குப் பொருந்தாது. கச்சேரி மேடையில் நேரடியாக வாசிக்க எந்த பிரிட்ஜையும் நான் கொண்டுபோகமாட்டேன், சாம்பிள்தான்.

எந்த வழியில் திறந்தாலும், திறந்த அன்றே ஒவ்வொரு ட்ராக்கையும் 24-பிட் வேவ் கோப்பாக எடுத்துவிடுங்கள். புராஜெக்ட் 44.1 கிலோஹெர்ட்ஸில் செய்யப்பட்டிருந்தால் அதிலேயே எடுங்கள், பழைய பிளக்-இன்கள் சில உயர்ந்த விகிதத்தில் குணம் மாறும். வேகமான ரெண்டரை (பாட்டை ஓடவிடாமல் கணினி அவசரமாக ஆடியோவாக எழுதுவது) தவிர்த்து நிகழ்நேரத்தில் எடுங்கள், இந்த வயதுப் பிளக்-இன்கள் அவசர ரெண்டரில் சுரத்தை விழுங்கிவிடும். எஃபெக்ட் போட்டது ஒன்று, போடாதது ஒன்று என்று இரண்டு பிரதி. எல்லாக் கோப்பும் பாட்டின் முதல் பாரிலிருந்தே தொடங்கட்டும், பிறகு யார் எந்த மென்பொருளில் இழுத்துப் போட்டாலும் தாளம் பொருந்தும். கூடவே மிடி கோப்பு, டெம்போ, சுருதி, பிட்ச் பெண்ட் வரம்பு ஆகியவற்றை ஒரு சாதாரண உரைக் கோப்பில் எழுதி அதே ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.