1,450 வெள்ளிக்கு ஒரு குட்டை ஃபோர்க்: கோலாலம்பூர் மவுண்டன் பைக் நண்பர்கள் கவனத்துக்கு

1,450 வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட், ஒரு பழைய ஃபோர்க்குக்கு (பைக்கின் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும், அதிர்ச்சி தாங்கும் கவை). தொகையை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடையில் எத்தனை தடவை சொல்லியும் அது மட்டும் யார் காதிலும் விழவில்லை.

கடையின் பெயரை இங்கே போடப் போவதில்லை, புகார் நிலுவையில் இருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில், கடைவீட்டின் கீழ்த்தளத்தில் பழைய உதிரிபாகங்களும் விற்று, அங்கேயே மாட்டியும் தருகிற வகைக் கடை. சமூக ஊடகத்தில் பளபளப்பான படங்கள், ஆயிரக்கணக்கில் லைக்குகள், அந்த மாதிரி.

என்னுடைய 29 அங்குலச் சக்கர ஹார்ட்டெயிலில் (முன்னால் மட்டும் அதிர்ச்சி தாங்கி உள்ள பைக்) பழைய ஃபோர்க்கின் கால்களில் கீறல் விழுந்து எண்ணெய் கசிய ஆரம்பித்திருந்தது. 130 மில்லிமீட்டர் டிராவல் (ஃபோர்க் அமுங்கும் தூரம்), டேப்பர் ஸ்டீரர் (அடியில் பருத்து மேலே ஒடுங்கும் குழாய்), 15 × 110 ஆக்சில் (சக்கர அச்சு), இப்படி ஒன்று தேடிக்கொண்டிருந்தேன். இந்தக் கடை 'புது பைக்கிலிருந்து கழற்றியது, ஓட்டவே இல்லை' என்று ஒன்றைப் போட்டிருந்தது. மாட்டும் கூலியோடு 1,450 வெள்ளி.

மவுண்டன் பைக் பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒரு வரி. ஸ்டீரர் என்பது ஃபோர்க்கின் உச்சியில் நிமிர்ந்து நிற்கும் குழாய். அது ஃபிரேமின் முன்பக்கக் குழாயான ஹெட் டியூபுக்குள் நுழைந்து, மேலே வெளியே வந்து, ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மைத் தாங்கும். ஹேண்டில்பார் உங்கள் கையில் நிற்பதே அந்தக் குழாயை ஸ்டெம் இறுக்கிப் பிடித்திருப்பதால்தான். முதல் சொந்தக்காரர் தன் ஃபிரேமுக்கு ஏற்ப அதை வெட்டியிருப்பார். வெட்டியதை மறுபடி வளர்க்க முடியாது. அதனால் பழைய ஃபோர்க் வாங்குகிறவன் கேட்கவேண்டிய முதல் கேள்வி ஸ்டீரர் நீளம். கேட்டேன். என் கணக்கையும் எழுதி அனுப்பினேன்: ஹெட் டியூப் 110 மில்லிமீட்டர், ஹெட்செட் (ஹெட் டியூபின் இரு முனையிலும் உட்காரும் பேரிங்குகள்) மேலும் கீழும் சேர்ந்து 22, ஸ்டெம் 40. மொத்தம் 172. குழாயின் நுனி ஸ்டெம்மின் உச்சிக்கு 3 மில்லிமீட்டர் கீழே நிற்கவேண்டும், ஆக 169. 'எனக்குக் குறைந்தது 170 வேண்டும், தம்பி.'

பதில் ஒரு நிமிடத்தில் வந்தது. "180 இருக்கு அண்ணே, கொஞ்சம் வெட்டக்கூட வேண்டி வரும். நம்ம ஆளுங்ககிட்ட பொய் சொல்வேனா?" கூடவே அளவு டேப் வைத்து எடுத்த படம், 180இல் கோடு தெளிவாக. கடைக்குப் போனபோது பெயர் சொல்லி வரவேற்றார்கள், தே தாரிக் வாங்கிக் கொடுத்தார்கள், ஏதோ கோயில் திருவிழாப் பேச்சு வேறு. பட்டறை பின்னால், வாடிக்கையாளர் உள்ளே வரக்கூடாதாம். 'பாதுகாப்பு விதி அண்ணே.' சரி என்று முன்னால் உட்கார்ந்தேன். பைக் வெளியே வந்தபோது ஸ்டெம்முக்கு மேலே 10 மில்லிமீட்டர் ஸ்பேசர் வளையம் ஒன்று, அதன்மேல் மூடி. "பாருங்க, வெட்டாமலே விட்டுட்டேன். பின்னால விக்கிறப்போ நல்ல விலை போகும்." க்யூஆர் ஸ்கேன் செய்து 1,450 வெள்ளி கட்டினேன். திரையில் வந்தது கடைப் பெயர் இல்லை, ஒரு தனி ஆளின் பெயர். "அக்கவுண்ட் மாத்திக்கிட்டு இருக்கோம், அண்ணே."

அப்புறம் புக்கிட் கியாரா குன்றுப் பாதைக்குப் போனேன். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறக்கத்தில் வேர்கள் மேல் போகும்போது ஒரு 'டக்' சத்தம். நிறுத்தி, முன் சக்கரத்தைக் கால்களுக்கு நடுவே பிடித்து ஹேண்டில்பாரைத் திருப்பினால் அது தனியாகத் திரும்புகிறது, சக்கரம் அசையவில்லை! போல்ட்டை இறுக்கினேன், கொஞ்சம் நின்றது, மறுபடி அதே கதை. தள்ளிக்கொண்டே இறங்கினேன்.

செந்தூலில் வீட்டு வாசலில் பைக் வேலை பார்க்கிற மாமா ஒருவர் இருக்கிறார், பேச்சு குறைவு. மூடியைக் கழற்றி, ஸ்பேசரை எடுத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். "வந்து எட்டிப் பாரு, தம்பி" என்றார். ஸ்டெம்முக்குள் மேல் பாதி வெறும் பொந்து. 40 மில்லிமீட்டர் உயரத்தில் ஸ்டீரர் இருந்தது 22 மட்டும். மேல் போல்ட் எதையும் பிடிக்கவில்லை. இறுக்கினால் ஸ்டெம்மின் வாய்தான் உள்ளே வளையும், குழாயைப் பிடிக்காது. அப்படியே ஓட்டினால் ஒன்று நழுவும், இல்லை ஸ்டெம் விரிசல் விடும்.

ஃபோர்க்கை முழுதாகக் கழற்றி அளந்தார். 154. இப்போது அந்த 180 படத்தை உற்றுப் பாருங்கள். ஸ்டீரரை அதன் அடியில் கிரவுன் ரேஸ் என்கிற பேரிங் வளையம் உட்காரும் விளிம்பிலிருந்து அளக்கவேண்டும். படத்தில் டேப்பின் கொக்கி கிரவுனுக்கு, அதாவது ஸ்டீரரையும் இரண்டு கால்களையும் சேர்க்கும் கட்டைக்கு, அடியில் மாட்டியிருக்கிறது. கிரவுனின் கனத்தையும் சேர்த்து 180!

இதைக்கூடக் கவனக்குறைவு என்று சொல்லி விட்டிருப்பேன். என்னைக் கொதிக்க வைத்தது மூடியின் போல்ட். அந்தப் போல்ட் ஸ்டீரருக்குள் அடித்து இறக்கிய ஸ்டார் நட்டைப் பிடித்து இழுத்து, பேரிங்கில் ஆட்டம் இல்லாமல் செய்யும், அவ்வளவுதான் அதன் வேலை. குழாய் இவ்வளவு கீழே இருந்தால் சாதாரண போல்ட் எட்டவே எட்டாது. என் பைக்கில் இருந்தது அதைவிட ரொம்ப நீளமான போல்ட். அதாவது பட்டறையில் இருந்த ஆள் எட்டவில்லை என்று பார்த்து, நீளமானதைத் தேடி எடுத்துப் போட்டு, மேலே ஒரு ஸ்பேசரையும் வைத்து, குழாய் அதிகமாக இருப்பதுபோல் காட்டி, என் கையில் கொடுத்திருக்கிறார். தெரியாமல் நடந்த வேலையா இது? இறக்கத்தில் என் பல் உடைந்திருந்தால் யார் பதில் சொல்வது?

பிறகு ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில், "புது ஹெட்செட் செட்டில் ஆகணும் அண்ணே, ரெண்டு ரைடு போங்க." படம் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நேரில் போனால், "கொஞ்ச மில்லிமீட்டர்தானே, எத்தனையோ பேர் ஓட்டுறாங்க." அடுத்து, "உங்க ஃபிரேம் அளவுல ஏதோ தப்பு." அடுத்து, "அது கன்சைன்மென்ட் சரக்கு, சொந்தக்காரர் ஜொகூர்ல இருக்கார், கேட்டுச் சொல்றேன்." பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, உயரம் குறைந்த ஸ்டெம் ஒன்று 180 வெள்ளிக்குத் தருகிறாராம் கடைக்காரர்! 30 மில்லிமீட்டர் ஸ்டெம் போட்டாலும் எனக்கு 5 குறைகிறது. ஹெட்செட்டின் மேல் கப் (பேரிங் கிண்ணம்) ஏற்கெனவே ஃபிரேமுக்குள் பதியும் வகை, அங்கே குறைக்க ஒன்றும் இல்லை. என் ஃபிரேமில் கீழே டேப்பருக்கு வெளிக் கப் இல்லாமல் முடியாது. இதையெல்லாம் நின்று விளக்கினேன். கேட்டுவிட்டு அவர் சொன்னது: "அப்போ வெல்டிங் பண்ணி நீட்டிடலாம், தெரிஞ்ச ஆள் இருக்கார்."

தயவுசெய்து யாரும் இதற்குத் தலையாட்டிவிடாதீர்கள். அலுமினியக் குழாயை வெல்டிங் செய்தால் அந்த இடம் பலமிழக்கும். அது உடைந்தால் ஹேண்டில்பார் கையோடு வரும், நீங்கள் தலைகுப்புறப் போவீர்கள். ஸ்டீரரை மட்டும் தனியாக மாற்றவும் வழியில்லை, அதைக் கிரவுனோடு அழுத்திப் பொருத்தியிருப்பார்கள். மேல் பாகம் முழுவதும் மாற்றவேண்டும், அந்தச் செலவுக்கு இன்னொரு பழைய ஃபோர்க்கே வாங்கிவிடலாம். ஆக எனக்கு 1,450 வெள்ளிக்குக் கிடைத்தது வீட்டு மூலையில் சாத்தி வைக்க ஒரு கருப்பு இரும்புச் சாமான். இரும்புகூட இல்லை.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்குப் பதிந்திருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கேட்கலாம். ஆனால் வியாபாரியின் பதிவுப் பெயர் வேண்டும். என் கையில் இருந்ததோ வாட்ஸ்அப்பில் வந்த ரசீதுப் படம், அதில் நிறுவனப் பெயரும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை. அதைக் கண்டுபிடிக்க நாயாய் அலைந்தேன்.

பழைய ஃபோர்க் வாங்குவது எப்படி என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. டேப்பின் ஆரம்பம் கிரவுன் ரேஸ் விளிம்பில் இருக்கும்படி படம் கேளுங்கள். மாட்டி முடித்ததும் மூடியையும் மேல் ஸ்பேசரையும் உங்கள் கண் முன்னால் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், ஸ்டெம்முக்குள் குழாய் தெரியவேண்டும். காட்ட மறுத்தால் பணம் கட்டாதீர்கள். தனி ஆள் கணக்குக்கு அனுப்பாதீர்கள். பதிவு எண் உள்ள ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள்.

அவசரமாக ஒன்று. நேற்று இரவு அதே பாணியில் இன்னொரு ஃபோர்க் விற்பனைக்கு வந்திருக்கிறது: 29 அங்குலம், சாம்பல் நிறம், 'ஸ்டீரர் 185, ஓட்டவே இல்லை'. படத்தில் டேப்பின் கொக்கி மறுபடியும் கிரவுனுக்கு அடியில்தான் இருக்கிறது. யாராவது முன்பணம் கட்டியிருந்தால் உடனே எனக்குச் செய்தி போடுங்கள், என்னிடம் உள்ள படங்களையும் நடுவர் மன்றப் படிவத்தையும் அனுப்புகிறேன்.