42,000 ரூபாய் வாங்கிக்கொண்டு பதிப்பு எண்ணை மட்டும் மறைத்துவிட்டார்

ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். எங்கள் கைத்தறிப் புடவை விற்பனைத் தளத்தின் பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்துத் தருவதாக, ஃப்ரீலான்சர்களை அமர்த்தித் தரும் ஒரு தளத்தின் வழியாக வந்தவரிடம் 42,000 ரூபாயைப் பறிகொடுத்திருக்கிறேன்.

எங்கள் தளம், வலைத்தளங்களை இயக்கும் நிரல்மொழியான பிஎச்பியின் 5.6 பதிப்பில் இயங்கியது. அதற்கான ஆதரவு 2018ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது என்பதால், 8.2க்கு மாற்றித் தருவதாகப் பேச்சு. மூன்றாம் நாளே வீடியோ அழைப்பில் வந்து, முன்பு சிவப்பாக இருந்த 'பழைய பதிப்பு' எச்சரிக்கை மறைந்துபோன ஸ்கேன் அறிக்கையை, அதாவது தளத்தின் ஓட்டைகளைத் தேடும் மென்பொருளின் அறிக்கையை, வரிவரியாக விளக்கினார். "இனி நிம்மதியாத் தூங்கலாம்ங்கண்ணா" என்றார். அந்தக் கனிவை நம்பி, அழைப்பு முடிவதற்குள் ஒப்புதல் கொடுத்து 42,000 ரூபாயையும் விடுவித்தேன்.

நான்கு நாட்களுக்கு முன், பணம் செலுத்தும்போது வேறு ஏதோ தளத்துக்குப் போகிறது என்று வாடிக்கையாளர்கள் அழைத்தார்கள். அக்கா மகன் சர்வரைத் திறந்து பார்த்தபோது, புடவைப் படங்கள் இருக்கும் ஃபோல்டரில் நாங்கள் வைக்காத ஒரு பிஎச்பி கோப்பு கிடந்தது. பதிப்போ அதே 5.6. அந்த ஆள் செய்திருந்ததெல்லாம் 'எக்ஸ்போஸ்_பிஎச்பி' என்ற அமைப்பை அணைத்தது மட்டுமே. அதை அணைத்தால் சர்வர் தன் பதில்களில் பதிப்பு எண்ணைச் சொல்லாது, ஸ்கேனரின் கண்ணுக்கும் அது படாது. அமைப்பை அணைப்பது தவறில்லை, நல்ல பழக்கமே. அதைப் பதிப்பு மாற்றம் என்று விற்றதுதான் மோசடி.

எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். எங்கள் நிரல் முழுவதும், டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் 'மைஎஸ்க்யூஎல்_க்வெரி' என்ற பழைய அழைப்புதான். 2015இல் வந்த பிஎச்பி 7.0இலேயே அது நீக்கப்பட்டுவிட்டது. உண்மையிலேயே 8.2க்கு மாற்றியிருந்தால், நிரலைத் திருத்தி எழுதும்வரை தளம் பிழைச் செய்தியோடு நின்றிருக்கும். மறுநாளே அது சிக்கலின்றி ஓடியதை அவருடைய திறமை என்று எண்ணினேன். அடைக்கச் சொன்ன ஓட்டைகளும் அப்படியே: தேடல் பெட்டியில் தட்டச்சு செய்வது, அது திருட்டுக் கட்டளையாக இருந்தாலும், இன்றும் அப்படியே டேட்டாபேஸ் வினவலுக்குள் போகிறது. பதிவேற்றும் படிவம் வருவது படமா என்றுகூடப் பார்ப்பதில்லை.

கேட்டதற்கு அவர், "ஹோஸ்டிங் பக்கம் விசாரிங்க" என்றார். ஹோஸ்டிங் நிறுவனமோ நிரல் எங்கள் பொறுப்பு என்றது. ஃப்ரீலான்சர் தளத்தில், ஒப்புதல் கொடுத்து 14 நாட்கள் கடந்துவிட்டன என்ற ஒரே பதிலை மூன்று முறை ஒட்டினார்கள். நான்காம் முறை அரட்டையை மூடிவிட்டார்கள். 42,000 ரூபாய் என்பது எங்கள் நெசவாளர் ஒருவரின் பல மாதக் கூலி.

விரிவாக எழுத இப்போது நேரமில்லை. ஸ்கேன் அறிக்கையை நம்பிப் பணத்தை விடுவிக்காதீர்கள்; சர்வரில் ஓடும் பிஎச்பியின் விவரங்களைக் காட்டும் 'பிஎச்பிஇன்ஃபோ' பக்கத்தை நீங்களே திறந்து பதிப்பைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்துக்கான கோப்பை உடனே அழித்துவிடுங்கள். வேலை முடிந்த அன்றே சர்வர், டேட்டாபேஸ் கடவுச்சொற்களை மாற்றுங்கள். நான் மாற்றியது நேற்று இரவுதான்.