1915-க்கு அழைப்பதா, ஆணையத்துக்குப் போவதா?

பாம்பனில் வள்ளம் வைத்திருக்கும் என் மச்சான், இரவுத் தொழிலுக்காகத் தலையில் மாட்டும் லைட் ஒன்றை ஆன்லைனில் வாங்கினார். வாட்டர்புரூஃப் என்று போட்டிருந்தது. இரண்டாம் நாளே கண்ணாடிக்குள் உப்புத்தண்ணீர் முத்து முத்தாக நின்றது. "தண்ணீர் பட்ட பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்றது கம்பெனி. வாட்டர்புரூஃப் லைட்டுக்கு இப்படி ஒரு பதில்!

2020 மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்ப வாங்க விற்பவர் மறுக்கக் கூடாது. அப்படியும் மசியாவிட்டால் வழி இரண்டு.

1915 தேசிய நுகர்வோர் உதவி எண். செலவில்லை, தமிழிலேயே பேசலாம். புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பேசிப் பார்ப்பார்கள். ஆனால் உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு அது உண்டு, நஷ்டஈடும் வாங்கித் தரும். விற்பவர் டெல்லியில் இருந்தாலும் சரி, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது ராமநாதபுரத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. 2 வருடத்துக்குள் போட வேண்டும். தொழிலுக்கு வாங்கியதாயிற்றே என்று தயங்க வேண்டாம். சொந்த உழைப்பில் பிழைப்பவரும் நுகர்வோர்தான். வாய்தாவுக்கு வாய்தா ஒரு நாள் தொழில் போகும், அதுதான் சங்கடம்.

600 ரூபாய் லைட்டுக்கு 1915 போதும் என்பேன். படகுக்கு வாங்கிய ஜிபிஎஸ் கருவி என்றால் ஆணையம்தான். மச்சான் நல்லவேளையாகப் பெட்டியை எறியவில்லை. வாட்டர்புரூஃப் என்ற எழுத்து அதில்தான் இருந்தது.