நீர் புகுந்த கயாக்கும் திரும்பி வராத முன்பணமும்

நகரத் துறைமுகத்தில் ஒரு மணி நேரம், துடுப்புப் போட்டு ஓட்டும் சிறு படகான கயாக்கை ஓட்டிப் பார்க்கலாம் என்று வாடகைக் கடைக்குக் கிளம்புகிறவர்கள், இதை முழுவதும் படித்துவிட்டுக் கிளம்பும்படி கேட்டுக்கொள்கிறேன். சென்ற மாதம் நானும் என் தங்கையும் அப்படித்தான் போனோம். ஒரு மணி நேரத்திற்குப் பணம் கட்டி, ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நீரில் தத்தளித்து, கரையேறிய பிறகு தாமதக் கட்டணம், சேதக் கட்டணம் என்று முன்பணத்தின் பெரும்பகுதியையும் இழந்து வீடு திரும்பினோம். பணம் போனதைக்கூட மறந்துவிடுவேன். அடியில் ஓட்டையுள்ள படகு என்று தெரிந்தும், நீச்சல் அரைகுறையாகத் தெரிந்த என் தங்கையை அதில் ஏற்றிக் கப்பல் போகும் நீரில் தள்ளிவிட்டார்களே, அதை என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

தவறு கடையின் மேசையிலேயே தொடங்கிவிட்டது. முதலில் இரண்டு பக்கப் படிவம் ஒன்றை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். ‘படகையும் உபகரணங்களையும் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்ற வரி அதில் இருந்தது. ஆனால் படகு அதுவரை எங்கள் கண்ணில்கூடப் படவில்லை. படகைப் பார்த்த பிறகு கையெழுத்திடுகிறேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பின்னால் வரிசை நீண்டிருந்ததால் சொல்லக் கூச்சப்பட்டேன். கையெழுத்திட்ட நிமிடத்திலிருந்தே வாடகை நேரம் ஓடத் தொடங்கிவிட்டது என்பதும் பிறகுதான் தெரிந்தது. பைகளைப் பூட்டிவைக்க ஒரு வரிசை, உயிர்காப்பு உடைக்கு ஒரு வரிசை, படகுத்துறைக்கு இறங்கும் படிக்கட்டில் இன்னொரு வரிசை என்று நின்று, துடுப்பை நீரில் வைத்தபோது பதினெட்டு நிமிடங்கள் போய்விட்டிருந்தன.

உயிர்காப்பு உடையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தங்கைக்குக் கொடுத்த உடையின் இடுப்புக் கொக்கி உடைந்திருந்தது. மாற்றித் தரக் கேட்டபோது, அவளைப்போல் இரு மடங்கு உடல்வாகு உள்ளவருக்கான உடையை எடுத்துக் கொடுத்தார்கள். பட்டைகளை இறுக்கிய பிறகு இன்னொருவர் பின்னால் நின்று இரு தோள்பட்டைகளையும் மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். உடை முகவாய்வரை ஏறி வந்தால் அது நீரில் கழன்றுபோகும். அவளுடையது காதுவரை ஏறியது. மூன்றாவதாகக் கேட்டு வாங்கிய உடைதான் ஓரளவு பொருந்தியது. அதன் உள்ளே ‘50’ என்று அச்சிட்டிருந்தது. உயிர்காப்பு உடைகளுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 12402இன்படி, 50 நியூட்டன் மிதப்பு உடை நீந்தத் தெரிந்தவர்களுக்காக, உதவி அருகிலேயே கிடைக்கும் இடங்களுக்காக வகுக்கப்பட்டது. நீரில் கவிழ்ந்தவரை மல்லாத்தி முகத்தை மேலே வைத்திருப்பது 100 நியூட்டன், அதற்கு மேற்பட்ட உடைகளின் வேலை. கைகளை வீசித் துடுப்புப் போட வசதி என்பதால் கயாக்கில் 50 நியூட்டன் உடையே வழக்கம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்களுக்கு நீந்தத் தெரியுமா என்று அந்தக் கடையில் எங்களை யாருமே கேட்கவில்லை.

இனிப் படகுக்கு வருகிறேன். எங்களுக்கு ஒதுக்கியது இருவர் அமரும் ஆரஞ்சு நிறக் கயாக். உள்ளே கால் நீட்டி உட்காரும் வகை அல்ல, மேலே அமரும் வகை. இந்த வகையில் இரண்டு விதத் துளைகள் உண்டு. வாடகைக்கு எடுப்பவர்களில் பெரும்பாலோருக்கு அந்த வேறுபாடு தெரிவதில்லை, எனக்கும் அன்று தெரியாது. இருக்கைக்கும் காலடிக்கும் அருகே படகை மேலிருந்து கீழ்வரை ஊடுருவிச் செல்லும் துளைகள் நீர்வடி துளைகள். அலை தெறித்து மேலே தேங்கும் நீர் அவற்றின் வழியே வடிந்துவிடும். ஆள் உட்காரும்போது கொஞ்சம் நீர் அவற்றின் வழியே மேலே வருவதும் இயல்புதான். படகின் வயிறு இந்தத் துளைகளோடு தொடர்பில்லாத, நாலாபுறமும் மூடிய வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் அடைபட்டிருக்கும் காற்றுதான் படகை மிதக்க வைக்கிறது. வயிற்றுக்குள் கசிந்த நீரைக் கரையில் வடிப்பதற்காக, பெரும்பாலும் பின்முனையில், சிறிய துளை ஒன்றும் அதற்குத் திருகு மூடி ஒன்றும் இருக்கும். நீரில் இறங்கும்போது அந்த மூடி இறுக மூடியிருக்க வேண்டும்.

எங்கள் படகில் மூடி இல்லை. அந்த இடத்தில் ஒரு நீல நிற பிளாஸ்டிக் பையைச் சுருட்டித் திணித்திருந்தார்கள். அதன் நுனி வெளியே பிதுங்கிக்கொண்டிருந்தது. தங்கைதான் முதலில் பார்த்து, இது என்ன என்று கேட்டாள். படகைப் பிடித்துக்கொண்டு நின்ற பணியாளர், “சார், இந்த மாதிரி போட்ல தண்ணி வரத்தான் செய்யும், பயப்படாதீங்க” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். கேட்டது அவள், பதில் எனக்கு. அந்தப் பதிலும் நீர்வடி துளைக்குப் பொருந்தக்கூடியதே தவிர, அவள் சுட்டிக்காட்டிய துளைக்குப் பொருந்தாது. இரண்டையும் அன்றாடம் கையாளும் மனிதருக்கு வேறுபாடு தெரியாமல் இருக்காது என்பதால்தான் தெரிந்தே செய்தார்கள் என்கிறேன். நல்லவேளையாக, நீருக்குள் கைப்பேசியை எடுத்துச் செல்லத் தயங்கி உறையில் போடுவதற்கு முன், அந்த நீலப் பையைத் தங்கை ஒரு படம் எடுத்து வைத்தாள்.

போகும் வழி சுகமாக இருந்தது. ஆபத்தும் அதில்தான் ஒளிந்திருந்தது. இரண்டு மூன்று தடவை துடுப்புப் போட்டாலே படகு வழுக்கிக்கொண்டு ஓடியது. நமக்கு நன்றாக வருகிறதே என்று நான் மகிழ்ந்துபோனேன். உண்மையில் ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், வற்றிக்கொண்டிருந்தது, துறைமுகத்து நீர் முழுவதும் கடலை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது, அதன் முதுகில் நாங்கள் போய்க்கொண்டிருந்தோம். நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் நீர்நிலைகளில் ஓர் ஏற்றத்திலிருந்து அடுத்த வற்றம்வரை சுமார் ஆறேகால் மணி நேரம். முதல் மணியில் நீர் மெல்ல அசையும். நடுவிலுள்ள மூன்றாம், நான்காம் மணிகளில்தான் மொத்த இறக்கத்தில் ஏறத்தாழப் பாதி நடந்துவிடும் என்பது கடலோடிகளின் பழைய கணக்கு. ஓத அட்டவணையை வீட்டுக்கு வந்து பார்த்தேன். எங்களை அவர்கள் நீரில் இறக்கியது சரியாக மூன்றாம் மணியின் தொடக்கத்தில். அதுவும் பௌர்ணமிக்கு மறுநாள், ஏற்ற இறக்கம் மிகுந்திருக்கும் காலம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். புதிதாகத் துடுப்புப் பிடிப்பவரின் வேகம், கடலில் வேகத்தை அளக்கும் அலகில், 3 நாட் என்றும், நீரோட்டம் 2 நாட், அதாவது மணிக்கு 3.7 கிலோமீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், போகும்போது 5 நாட் கிடைக்கும், வரும்போது 1 நாட்தான் மிஞ்சும். பத்து நிமிடத்தில் போன தூரத்தைத் திரும்பக் கடக்க ஐம்பது நிமிடம் ஆகும். ‘ஒரு மணி நேரம்’ என்று விற்கிறவர்கள், முதலில் ஓட்டத்தை எதிர்த்துப் போய்விட்டு ஓட்டத்தோடு திரும்புங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எங்கள் சிக்கலில் பாதி இல்லாமல் போயிருக்கும்.

மிதவை ஒன்றைச் சுற்றித் திரும்பியபோதுதான் படகின் மாற்றத்தை உணர்ந்தோம். திருப்பினால் திரும்ப மறுத்தது, திரும்பினால் நிற்க மறுத்தது. பின்னால் அமர்ந்திருந்த தங்கை, “அண்ணா, பின்பக்கம் தாழ்ந்துகிட்டே போகுது” என்றாள். வயிற்றுக்குள் புகுந்த நீர் ஓரிடத்தில் நிற்காது. படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடிச் சேர்ந்து, சாய்வை இன்னும் கூட்டும். ஒவ்வொரு துடுப்பு வீச்சுக்கும் எங்கள் இருக்கைக்குக் கீழே நீர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மோதும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அப்போது எங்களுக்குப் பின்னால் ஐந்து குறுகிய ஊதல் ஒலிகள் கேட்டன. ஐந்தோ அதற்கு மேலோ குறுகிய ஒலிகள் அடுத்தடுத்து வந்தால், ‘உன் நோக்கம் எனக்குப் புரியவில்லை, நீ விலகுவாயா என்று ஐயப்படுகிறேன்’ என்று பொருள். 1972ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் உள்ள சைகை இது. கப்பல் செல்லும் குறுகிய கால்வாயை விட்டு விலக முடியாத கப்பலுக்கு 20 மீட்டருக்குக் குறைவான எந்தக் கலமும் இடையூறாக இருக்கக் கூடாது என்பதும் அதே விதிகளில் உண்டு. பெரிய கப்பலின் மேல்தளத்தில் நிற்பவருக்கு முன்முனைக்குக் கீழே உள்ள நீர் தெரிவதில்லை. கப்பல் கட்டும் விதிகளே அந்த மறைவை இரண்டு கப்பல் நீளம் அல்லது 500 மீட்டர், இவற்றில் குறைவானது எதுவோ அதுவரை அனுமதிக்கின்றன. அந்த மறைவுக்குள் ஓர் ஆரஞ்சு நிறக் கயாக் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். இவற்றில் எதையும் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கால்வாய் எது, எந்த மிதவைக்கு அப்பால் போகக் கூடாது என்பதற்கு ஒரு படம்கூடக் காட்டவில்லை.

எப்படியோ ஒதுங்கினோம். கப்பல் கிளப்பிய அலை எங்களைக் கடந்து, துறைமுகத்தின் செங்குத்துச் சுவரில் மோதி, திரும்பி வந்து மறுபடியும் எங்களைத் தூக்கிப்போட்டது. சுவரில் மீன் பிடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து நின்று, “தம்பி, நடுவுல போராடாதீங்க, ஓரமா வாங்க, அங்க இழுப்பு கம்மி” என்று கத்தினார். அந்தக் குரலுக்கு நான் காலமெல்லாம் கடன்பட்டிருக்கிறேன். ஓரத்தில் நீரோட்டம் தளர்ந்திருந்தது; சுவரில் அடித்துத் திரும்பும் அலைக்காகச் சில அடி இடைவெளி விட்டு, கட்டியிருந்த படகுகளின் மறைவில் நின்று நின்று, படகுத்துறைக்கு வந்து சேர்ந்தோம். தங்கையின் உள்ளங்கைகள் இரண்டும் கொப்பளித்திருந்தன.

கரையில் காத்திருந்தது வேறு. நலமா என்று கேட்பதற்கு முன் கடிகாரத்தைக் காட்டினார்கள். பிறகு படகை இழுத்துக் கவிழ்க்க முயன்றார்கள், இரண்டு பேரால் முடியவில்லை. முப்பது கிலோவை ஒட்டிய எடையுள்ள படகை நான்கு பேர் சேர்ந்து புரட்டியபோது, அந்த நீலப் பையைத் தள்ளிக்கொண்டு நீர் கொட்டத் தொடங்கியது, நிமிடக் கணக்கில் கொட்டியது. அதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அடிப்பக்கத்தில் இருந்த ஒரு நீளமான கீறலை விரலால் தடவிக் காட்டி, இது நீங்கள் போட்டது என்றார்கள்.

நான் குனிந்து பார்த்தேன். கீறலின் பள்ளத்தில் கருத்த அழுக்கு இறுகிப் படிந்திருந்தது. இந்தப் படகுகள் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கால் ஆனவை. புதிய கீறல் என்றால் நிறம் வெளிறியிருக்கும், ஓரத்தில் பிளாஸ்டிக் சீவல் சீவலாக எழும்பி நிற்கும். இந்தக் கீறலின் ஓரம் தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. கான்கிரீட்டில் நாள்தோறும் இழுத்துச் செல்லப்படும் வாடகைப் படகின் அடியில் கீறல் இருப்பது சாதாரணம், மேலோட்டமான கீறலால் அதன் உறுதிக்கும் எந்தக் குறையும் இல்லை. எவ்வளவு எடுத்துச் சொல்லியும், நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாக நான் கையெழுத்திட்ட வரியையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அட்டையில் பிடித்துவைத்திருந்த முன்பணத்திலிருந்து இரண்டு கட்டணங்களையும் கழித்துக்கொண்டார்கள்.

ஆகவே, இறங்கும் முன் படகைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லி, அடிப்பக்கம் முழுவதையும், படகின் எண்ணும் தெரியும்படி, ஒரே ஓட்டமாகக் காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். பணியாளரின் குரல் அதில் பதிந்தால் இன்னும் நல்லது. படகை இருபுறமும் ஆட்டி, உள்ளே நீர் சலசலக்கிறதா என்று கேளுங்கள். திருகு மூடியை உங்கள் கையால் திருகிப் பாருங்கள். கடை முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

வீடு திரும்பிய அன்றே வங்கியிடம் கட்டணத்தை மறுத்து விண்ணப்பித்தேன். நீலப் பையின் படத்தையும், கீறலின் படத்தையும், புறப்பட்ட நேரம் பதிந்திருந்த கைப்பேசிப் பதிவையும் இணைத்தேன். சேதக் கட்டணம் திரும்பி வந்தது. தாமதக் கட்டணம் வரவில்லை. துறைமுக அலுவலகத்திற்கும் படகின் எண்ணைக் குறிப்பிட்டுப் புகார் எழுதினேன், பெற்றுக்கொண்டதாகப் பதில் வந்திருக்கிறது.

நேற்று மாலை அந்தப் பக்கம் போக நேர்ந்தது. அதே எண்ணுள்ள படகு அடுக்கின் மேல் வரிசையில் இருந்தது, துளையில் இப்போது ஒரு துணிச் சுருள். மேசையருகே ஒரு தம்பதி படிவத்தைப் படிக்காமல் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார்கள், பக்கத்தில் பத்து வயதிருக்கும் ஒரு சிறுமி. அவர்களை அழைத்துப்போய்ப் படகின் பின்முனையைக் காட்டினேன். அந்தப் பெண்மணி துணியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மகளின் உயிர்காப்பு உடையைக் கழற்றத் தொடங்கினார்.