திரைக்கதையைப் படித்துக் கருத்துச் சொல்கிறோம் என்பவர்களுக்குப் பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

கை இன்னும் நடுங்குகிறது, ஆனால் ஆறப்போட்டால் எழுத மாட்டேன். திரைக்கதையைப் படித்து மதிப்பீடு செய்து தருகிறோம் என்று ஆன்லைனில் விளம்பரம் செய்யும் ஒரு நிறுவனத்திடம் என் அரை மாதச் சம்பளத்தைப் பறிகொடுத்திருக்கிறேன். பெயரைப் போடவில்லை. இதே வேலையை இதே மாதிரி செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், எல்லாரிடமும் கவனமாக இருங்கள்.

என்னுடையது ஒரு டார்க் ரொமான்டிக் காமெடி. 110 பக்கம். திரைக்கதை வடிவத்தில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்று கணக்கு. ரேவதியும் ஆதியும் பழக ஆரம்பிக்கிறார்கள், முதல் அரை மணி நேரம் முழுக்கக் கலகலப்பு. 9-ஆம் பக்கத்தில் மழை கொட்டும், ரேவதி ஆபீஸ் வாசலில் மாட்டிக்கொண்டு நிற்பாள், ஆதி குடையோடு வந்து நிற்பான். பார்க்கிறவர்களுக்கு அவனைப் பிடித்துப்போக வேண்டும், அதற்காகவே எழுதிய காட்சி. 42-ஆம் பக்கத்தில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது ரேவதிக்குச் சட்டென்று உறைக்கும்: ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று இவனிடம் நான் சொன்னதே இல்லையே. படம் திரும்புவது அங்கேதான். அதற்கப்புறமும் சிரிப்பு வரும், ஆனால் சிரித்துவிட்டு, எதற்குச் சிரித்தோம் என்று சங்கடப்பட வைக்கும் சிரிப்பு. கடைசியில் அதே குடை ரேவதியின் பூட்டிய வீட்டுக்குள், சோபாவின் மேல், ஈரம் சொட்டச் சொட்டக் கிடக்கும்.

இதைச் சும்மா கற்பனையில் எழுதிவிடவில்லை. பின்தொடர்ந்து தொல்லை தருபவர்களை ஆராய்ந்த மனநல மருத்துவர் பால் முல்லனும் அவரோடு இருந்தவர்களும் 1999-இல் அவர்களை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். உறவு முறிந்ததை ஏற்க முடியாதவர், நெருக்கத்தைக் கற்பனை செய்துகொள்பவர், பழகத் தெரியாமல் நச்சரிப்பவர், வன்மம் வைத்திருப்பவர், வேட்டையாடுபவர். ஆதி முதல் வகை. அவன் எந்த இடத்தில் கெஞ்சுவான், எந்த இடத்தில் மிரட்டுவான் என்பதையெல்லாம் அதை வைத்துத்தான் கட்டினேன். முப்பது தடவை அழைத்தும் எடுக்காத ரேவதி, இதோடு விடு என்று சொல்வதற்காக முப்பத்தோராவது அழைப்பை எடுப்பாள். அவள் சொன்னது அவன் காதில் ஏறாது. முப்பத்தொரு தடவை அழைத்தால் எடுப்பாள் என்பதை மட்டும் கற்றுக்கொள்வான். அந்தக் காட்சியை எழுதிய அன்று எனக்கே தூக்கம் வரவில்லை.

இனி அந்த நிறுவனத்துக்கு வருகிறேன். விளம்பரத்தைப் பார்த்து நம்பர் கொடுத்த அன்று மாலையே ஒருவர் பேசினார். கதையை ஒரே வரியில், சினிமாவில் ஒன்லைன் என்பார்களே அப்படி, சொன்னேன். அவ்வளவு பதவிசான குரல். "மேடம், ஒன்லைன் கேட்டதுமே புல்லரிச்சிடுச்சு. இந்தக் கதையை அவசரப்பட்டு யாருக்கும் அனுப்பாதீங்க, முதல்ல நாங்க பார்த்துடறோம்" என்றார். இரண்டு பேர் தனித்தனியாக 110 பக்கத்தையும் வரிக்கு வரி படிப்பார்கள், பத்துப் பக்க ரிப்போர்ட் வரும், பிறகு வீடியோ காலில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேசுவார்கள். அப்புறம் கேட்டார்: "ஆதி கெட்டவனா மேடம், இல்லே அவனுக்குத் தான் கெட்டவன்னு தெரியலையா?" இந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கதையைப் புரிந்துகொண்டு கேட்கிற ஆள் என்று யாராக இருந்தாலும் நினைப்பார்கள். கார்டில் கட்டுகிறேன் என்றேன். நேரடியாக வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் பத்து சதவீதம் குறைத்துக்கொள்கிறோம் என்றார். அனுப்பினேன். குறைத்த பிறகும் அது அரை மாதச் சம்பளம்.

சொன்ன தேதி தாண்டி, நான் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு ரிப்போர்ட் வந்தது. பத்துப் பக்கம் என்றார்கள், வந்தது மூன்று. அதில் ஒரு பக்கம் அவர்களுடைய விளம்பரம். "விறுவிறுப்பு கூட வேண்டும்", "வசனங்கள் இன்னும் கூர்மையாகலாம்" என்று எந்தக் கதைக்கும் பொருந்துகிற வரிகள். ஒரு பத்தியில் கதாநாயகியின் பெயர் அஞ்சலி. என் ஸ்கிரிப்டில் அஞ்சலி என்று ஒரு துணைப் பாத்திரம்கூடக் கிடையாது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். கடைசிப் பரிந்துரையை அப்படியே தருகிறேன்: "குடைக் காட்சி அருமை. கிளைமாக்ஸில் ஆதி மீண்டும் குடையுடன் வந்து நிற்க, கதாநாயகி மனம் மாறி அவனை ஏற்றுக்கொண்டால் ரசிகர்கள் கண்கலங்குவார்கள்."

அவன் கையில் சிக்காமல் ரேவதி உயிரோடு தப்புவதுதான் என் கதை. அவளை அவனுக்கே கட்டிவைக்கச் சொல்ல என்னிடம் அரை மாதச் சம்பளம் வாங்கியிருக்கிறார்கள்.

ஏன் இப்படி என்று எனக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஃபைலை யார் எந்தப் பக்கம் வரை திறந்தார்கள் என்று காட்டுகிற ஒரு லிங்க் வழியாகத்தான் ஸ்கிரிப்டை அனுப்பியிருந்தேன். ஒரே ஒருவர், ஒரே ஒரு தடவை திறந்திருக்கிறார். 11-ஆம் பக்கத்தோடு மூடிவிட்டார். அதாவது குடை வந்ததும் மூடிவிட்டார். அவரைப் பொறுத்தவரை ஆதி நல்ல பையன்.

இதை ஸ்கிரீன்ஷாட்டோடு அனுப்பினேன். "பிரிண்ட் எடுத்துப் படிச்சாங்க மேடம்" என்று பதில். பிரிண்ட் எடுக்க முடியாதபடி பூட்டிய ஃபைல் அது. அதைச் சொன்னதும் "டீமிடம் கேட்டுச் சொல்றேன்". பிறகு "சார் மீட்டிங்கில் இருக்கார்". பிறகு "கருத்து வேறுபாட்டுக்கெல்லாம் ரீஃபண்ட் கிடையாது, விதிமுறையில் போட்டிருக்கோம்". இது எப்படிக் கருத்து வேறுபாடு ஆகும்? கதாநாயகி பெயரே வேறு! வீடியோ காலாவது எங்கே என்றால், அது "பிரீமியம் பேக்கேஜில்" வருமாம், சேர்ந்துகொண்டால் இரண்டாவது வாசிப்பு பாதி விலைக்குத் தருவார்களாம். வேண்டாம், என் அரை மாதச் சம்பளத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று எழுதினேன். நீல டிக் விழுந்தது, கொஞ்ச நேரத்தில் அவருடைய புரொஃபைல் படம் காணாமல் போனது. பிளாக். வங்கியில் கேட்டால், நீங்களே அனுப்பிய பணம், எங்களால் திருப்ப முடியாது என்கிறார்கள்.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. தோன்றுகிறதைச் சொல்கிறேன். நேரடிப் பணமாற்றம் வேண்டவே வேண்டாம், தள்ளுபடி என்றால் இன்னும் வேண்டாம். கார்டில் கட்டினால் பணத்தைத் திரும்பக் கேட்டு வங்கி வழியாகப் புகார் எழுப்பலாம், அதற்கும் காலக்கெடு உண்டு. வேறு கதைக்கு எழுதிய ஒரு முழு ரிப்போர்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். யார் படிக்கப்போகிறார்கள், அவர் எந்தப் படத்தில் வேலை பார்த்தார் என்று பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்குங்கள். பதிப்புரிமை வாங்கித் தருகிறோம் என்று தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்; பெர்ன் உடன்படிக்கை என்ற சர்வதேசப் பதிப்புரிமை ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளில் எழுதியவுடனே அது உங்களுடையது, சான்றுக்காகப் பதிவு செய்வதென்றால் நீங்களே நேரடியாகச் செய்யலாம். பேச்சு எல்லாவற்றையும் அன்றன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அஞ்சலி என்ற கதாநாயகியை வைத்து ஸ்கிரிப்ட் எழுதி, இப்படி ஓர் இடத்தில் பணம் கட்டியவர் யாராவது இதைப் படித்தால் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். உங்களுக்கு எழுதிய ரிப்போர்ட்டில் ஒரு பத்தி என்னிடம் இருக்கிறது. இருவரும் சேர்ந்தே புகார் கொடுப்போம்.